மூளை காது கொடுக்கும் நேரம்: அசிட்டைல்கோலின் என்ன செய்கிறது

ஜெர்மனியின் லூபெக் நகரில் ஸ்டெஃபன் கைஸ், யான் போர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். 2004-இல் வெளிவந்தது. இரவில் சிலருக்குச் சொல் ஜோடிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். முதல் சொல்லைக் கேட்டதும் அதன் ஜோடியைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படித்து முடித்ததும் தூங்க அனுப்பினார்கள். இரவின் முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்ந்த உறக்கம் அதிகம். அந்த நேரம் பார்த்து ஃபைசோஸ்டிக்மின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நரம்பணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை மூளையில் சிதையாமல் தங்கவைக்கும் மருந்து அது. அதாவது, அசிட்டைல்கோலினைக் கூட்டும் மருந்து.

அசிட்டைல்கோலினுக்கு 'நினைவாற்றல் ரசாயனம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது உண்மையென்றால், எழுப்பிக் கேட்டபோது சொல் ஜோடிகள் மளமளவென்று வந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. மருந்தில்லாத வெறும் திரவம் ஏற்றியபோது ஆழ்ந்த உறக்கத்தால் நினைவுக்குக் கிடைத்த பலன், மருந்து ஏறியபோது கிடைக்கவே இல்லை. இதே மருந்தை விழித்திருப்பவர்களுக்கு ஏற்றியபோது இந்தப் பாதிப்பு இல்லை.

நினைவாற்றல் ரசாயனத்தைக் கூட்டினால் நினைவு ஏன் கெட வேண்டும்? கெடுவதற்குக் காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள அந்தப் பட்டப்பெயரை முதலில் ஓரமாக வைத்துவிட வேண்டும். அசிட்டைல்கோலின் நினைவைச் சேமித்து வைக்கும் பொருள் அல்ல. இந்த நேரத்தில் மூளை வெளியுலகத்துக்குக் காது கொடுக்க வேண்டுமா, இல்லை தன்னிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்க வேண்டுமா என்று திசை காட்டும் பொருள். நினைவு, கற்றல், கவனம் என்று நாம் தனித்தனியாகப் பேசுகிற மூன்றிலும் அதன் கை இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

கனவில் வந்த தவளை

இந்தப் பொருளின் கதை ஆரம்பிப்பதும் ஒரு தூக்கத்தில்தான். நரம்பிலிருந்து உறுப்புக்குச் செய்தி எப்படிப் போகிறது என்பதில் அந்தக் காலத்தில் பெரிய சண்டை. மின்சாரமாகத் தாவுகிறது என்று ஒரு கட்சி, ஏதோ ஒரு ரசாயனம் கசிகிறது என்று இன்னொரு கட்சி. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இருந்த ஓட்டோ லூவி இரண்டாவது கட்சி. ஆனால் நிரூபிக்க வழி தெரியவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய இரவு ஒரு சோதனை கனவில் வந்தது என்றும், எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி வைத்தேன் என்றும், காலையில் பார்த்தால் தன் கிறுக்கலைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்றும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அடுத்த இரவு மூன்று மணிக்குக் கனவு திரும்ப வந்ததாம். இந்த முறை அவர் காகிதத்தை நம்பவில்லை. நேராக ஆய்வகத்துக்கு நடந்துவிட்டார்.

சோதனை எளிமையானது. இரண்டு தவளை இதயங்கள். உப்புக் கரைசலில் இரண்டும் துடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் வேகஸ் நரம்பு இணைந்தே இருக்கிறது. அந்த நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகும், அது தெரிந்த விஷயம். லூவி அப்படித் தூண்டி, அந்த இதயம் கிடந்த கரைசலை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. ஆக, நரம்பு எதையோ கரைசலில் கசியவிட்டிருக்கிறது. 1921-இல் இதை வெளியிட்டபோது அந்த ஏதோவுக்கு 'வேகஸ் பொருள்' என்று மட்டும் பெயர் வைத்தார். அது அசிட்டைல்கோலின்தான் என்று பிறகு உறுதியானது. அசிட்டைல்கோலின் உடம்பில் என்னவெல்லாம் செய்கிறது என்பதை 1914-லேயே விரிவாக எழுதியிருந்தவர் இங்கிலாந்தின் ஹென்றி டேல். இருவரும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். (இரண்டே ஆண்டுகளில் நாஜிகள் லூவியைக் கைது செய்தார்கள். நாட்டை விட்டுப் போக அனுமதி வேண்டுமென்றால் நோபல் பரிசுப் பணத்தைத் தர வேண்டும் என்றார்கள். கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார்.)

டேல் கவனித்த ஒன்று இன்றுவரை பாடப்புத்தகத்தில் நிற்கிறது. அசிட்டைல்கோலினின் வேலைகளில் ஒரு பகுதி, ஒரு வகை நச்சுக் காளானில் உள்ள மஸ்கரின் செய்வது போலவே இருந்தது. இன்னொரு பகுதி, புகையிலையின் நிகோட்டின் செய்வது போல இருந்தது. காரணம், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இரண்டு குடும்பமாக இருப்பது. நிகோட்டின் வகை ஏற்பி கதவு மாதிரி: அசிட்டைல்கோலின் தொட்டதும் சில மில்லி நொடிகளில் திறந்து மின்னேற்றத் துகள்களை உள்ளே விடும். மஸ்கரின் வகை நிதானமானது. உள்ளே ஒரு ரசாயனத் தொடரைக் கிளப்பி, நரம்பணுவின் மனநிலையையே நொடிக்கணக்கில் மாற்றிவைக்கும். இந்த வகையில் எம்1 முதல் எம்5 வரை ஐந்து பேர். எம்1, எம்4 இரண்டையும் ஞாபகத்தில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவார்கள்.

சில இலட்சம் நரம்பணுக்கள், நூறு மீட்டர் கிளைகள்

மூளைக்கு வெளியே அசிட்டைல்கோலினுக்கு வேலை ஏராளம். நீங்கள் இந்தக் கட்டுரையைக் கீழே தள்ளிக்கொண்டே வருகிறீர்களே, அந்த விரல் தசைக்கு 'சுருங்கு' என்று சொல்வது அதுதான். எச்சில் ஊறுவது, குடல் அசைவது, இதயம் நிதானமாவது, கண்ணின் பாவை சுருங்குவது எல்லாவற்றிலும் அது உண்டு. மூளைக்குள் அசிட்டைல்கோலினைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ நினைக்கும் எந்த மருந்தும் வாயை உலர்த்துவதோ வயிற்றைப் புரட்டுவதோ இதனால்தான். மருந்து ஆராய்ச்சியின் பாதித் தலைவலி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருகிறது.

தயாரிப்பு முறை சிக்கனமானது. கோலின் என்ற பொருளோடு ஒரு அசிட்டைல் தொகுதியை ஒரு நொதி ஒட்டவைக்கும். நரம்பு முனையில் சின்னச் சின்னப் பைகளில் அடைத்து வைக்கும். சமிக்ஞை வந்ததும் பை உடைந்து வெளியே கொட்டும். கொட்டியதை அதே வேகத்தில் சிதைக்க இன்னொரு நொதி காத்திருக்கிறது. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்று பெயர், உடம்பிலேயே மிக வேகமான நொதிகளில் ஒன்று. ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைத்துப் போடும். உடைந்த கோலினை நரம்பு முனை திரும்ப உறிஞ்சி அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளும். இவ்வளவு அவசரமாக ஏன் அழிக்க வேண்டும்? செய்தி என்பது வந்துவிட்டுப் போக வேண்டும். போகாமல் நின்றால் அது வெறும் இரைச்சல். சாரின் போன்ற நரம்பு நச்சு வாயுக்களும், பயிருக்கு அடிக்கும் பல பூச்சிமருந்துகளும் ஆளைக் கொல்வது இந்த நொதியைப் பூட்டிப்போட்டுத்தான். மறதி நோய்க்குக் கொடுக்கும் மாத்திரையும் இதே நொதியைத்தான் பிடிக்கிறது. வித்தியாசம் அளவிலும் பிடியின் இறுக்கத்திலும்தான்.

மூளையின் மேலடுக்கான புறணிக்கு அசிட்டைல்கோலின் அனுப்பும் நரம்பணுக்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன: கண்களுக்குப் பின்னால், முன்மூளையின் அடிப்பக்கம். அங்கே உள்ள முக்கியமான திரளுக்கு, 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் இருந்த தியோடர் மெய்னெர்ட்டின் பெயர். அதற்குச் சற்று முன்னால் உள்ள இன்னொரு திரள், நினைவுகளைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸுக்கு அனுப்புகிறது. மூளைத்தண்டில் தனியாக ஒரு குழு உண்டு, அது தூக்கம், விழிப்பு சம்பந்தப்பட்டது.

மனித மூளையில் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. அதில் இந்த அடிப்பகுதிக் கூட்டம் சில இலட்சம்தான். அத்தனை சிறிய கூட்டம் புறணி முழுவதையும் எப்படித் தொடுகிறது? 2014-இல் சுண்டெலியின் மூளையில் இப்படிப்பட்ட நரம்பணுக்களைத் தனித்தனியாகச் சாயமேற்றி, ஒவ்வொரு கிளையையும் கடைசி நுனிவரை அளந்து பார்த்தார்கள். ஒரே ஒரு நரம்பணுவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைப்புள்ளிகள், மொத்தக் கிளை நீளம் 50 சென்டிமீட்டர் வரை. சுண்டெலியின் உடம்பை விட நீளம்! அதே கணக்கை மனிதனுக்குப் போட்டால் ஒரு நரம்பணுவுக்குச் சராசரியாக சுமார் 100 மீட்டர். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணு, நூறு மீட்டர் கம்பியைப் பராமரிக்க வேண்டும். அதற்குச் சத்தும் உதிரிப்பாகமும் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதுமையில் முதலில் தள்ளாடுகிற கூட்டங்களில் இதுவும் ஒன்று என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கவனம்: ஒரு மடையைத் திறந்து இன்னொன்றை அடைப்பது

புறணியில் உள்ள ஒரு நரம்பணுவின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு பக்கத்திலிருந்து பேச்சு வருகிறது. ஒன்று, கண், காது, தோல் வழியாக வந்து, மூளையின் நடுவில் உள்ள தாலமஸ் என்ற பகுதியைக் கடந்து வரும் புதுச் செய்தி. மற்றது, அக்கம்பக்கத்துப் புறணி நரம்பணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. 'போன தடவை இப்படித்தான் இருந்தது, இப்போதும் இதுவாகத்தான் இருக்கும்' என்கிற ஊகப் பேச்சு அது. எண்ணிக்கையில் இந்த இரண்டாவது வகை இணைப்புகள்தான் அதிகம்.

அசிட்டைல்கோலின் இந்த இடத்தில் கொட்டும்போது நடப்பது அழகு. தாலமஸிலிருந்து வரும் முனைகளில் உள்ள நிகோட்டின் வகை ஏற்பிகள் அந்த வரத்தைப் பலமாக்குகின்றன. பக்கத்து நரம்பணுக்களின் முனைகளில் உள்ள மஸ்கரின் வகை ஏற்பிகள் அந்தப் பேச்சை அடக்குகின்றன. ஒரே பொருள், ஒரே நேரத்தில், ஒரு மடையைத் திறக்கிறது, இன்னொன்றை அடைக்கிறது. 'உன் அனுமானத்தைக் கொஞ்சம் நிறுத்து, எதிரில் இருப்பதைப் பார்' என்று சொல்வது மாதிரி.

வேலை செய்யும் மூளையிலும் இது தெரிகிறது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், குரங்குகள் திரையில் ஓர் இடத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது பார்வைப் புறணியின் நரம்பணுக்களுக்குப் பக்கத்திலேயே துளித்துளியாக அசிட்டைல்கோலினை விட்டார்கள். கவனித்த பொருளுக்கும் கவனிக்காத பொருளுக்கும் அந்த நரம்பணுக்கள் காட்டிய வித்தியாசம் கூடியது. மஸ்கரின் ஏற்பியை அடைத்தால் வித்தியாசம் குறைந்தது.

எலிகளில் இன்னும் துல்லியம். அசிட்டைல்கோலின் நரம்பணுக்களை மட்டும் தேடிப்போய்க் கொல்லும் ஒரு நச்சு இருக்கிறது. அதைச் செலுத்திய எலிக்குக் கண் தெரியும், பசி எடுக்கும், ஓடும். ஆனால் எப்போது, எங்கே மின்னும் என்று தெரியாத ஒரு சின்ன விளக்குக்காகக் காத்திருக்கச் சொன்னால் தவறவிடும். அதுவும் விளக்கு மின்னும் நேரம் குறையக் குறைய, இடையில் தொந்தரவு சேரச் சேர, தவறு கூடிக்கொண்டே போகும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் சார்ட்டரின் குழு 2007-இல் வெளியிட்ட சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எலியின் முன்புறப் புறணியில் நொடிக்கு நொடி அளக்கும் மின்முனையை வைத்தார்கள். விளக்குக் குறிப்பை எலி கண்டுகொண்டபோது அசிட்டைல்கோலின் சட்டென்று ஒரு சின்ன அலையாக எழுந்து அடங்கியது. அதே குறிப்பு, அதே விளக்கு, ஆனால் எலி கோட்டை விட்டபோது அலை எழவில்லை. விளக்கு எரிவது ஒன்று, அதற்குக் காது கொடுப்பது வேறொன்று. அந்த இரண்டாவதுதான் மின்முனையில் தெரிந்தது.

இன்னொரு கோணமும் உண்டு. ஏஞ்சலா யூ, பீட்டர் டயான் இருவரும் 2005-இல் ஒரு கணிதக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். தெரிந்தே நம்பகமில்லாத ஒன்றோடு பழகும்போது, உதாரணமாகப் பாதி நேரம் பொய் சொல்லும் ஒரு சைகையைப் பார்க்கும்போது, அந்த 'தெரிந்த நிச்சயமின்மை'யை மூளைக்குச் சொல்வது அசிட்டைல்கோலின். உலகமே தலைகீழாக மாறிவிட்டது என்ற 'எதிர்பாராத நிச்சயமின்மை'யைச் சொல்வது நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை ரசாயனம். இது கோட்பாடுதான், கடைசிச் சொல் அல்ல. ஆனால் மடைக் கதையோடு பொருந்துகிறது: முன்பு படித்த பாடத்தை நம்ப முடியாதபோதுதானே எதிரில் இருப்பதை உற்றுப் பார்க்க வேண்டும்?

கற்றல்: 'இதைக் குறித்துக்கொள்'

மைக்கேல் கில்கார்ட், மைக்கேல் மெர்ஸனிக் இருவரும் 1998-இல் வெளியிட்ட சோதனை கற்றலைப் பற்றிய விவாதத்தையே திருப்பிப்போட்டது. வளர்ந்த எலியின் புறணியில், ஒலியைக் கேட்கும் பகுதியில் ஒவ்வொரு சுருதிக்கும் ஓர் இடம் உண்டு, பியானோ கட்டைகள் மாதிரி வரிசையாக. குட்டியாக இருக்கும்போதுதான் இந்த வரைபடம் எளிதில் மாறும், வளர்ந்த பிறகு பெரிதாக மாறாது என்பது பொது நம்பிக்கை. இவர்கள் ஒரு குறிப்பிட்ட சுருதியை ஒலிக்கவிட்டு, அதே சமயம் மெய்னெர்ட் திரளுக்குள் ஒரு சிறு மின்துடிப்பைக் கொடுத்தார்கள். எலிக்குப் பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. அந்த ஒலியைக் கேட்டு அது எதுவும் செய்யவும் வேண்டாம். சில வாரங்கள் இப்படியே. பிறகு பார்த்தால், அந்தச் சுருதிக்கு உரிய இடம் அக்கம்பக்கத்தை ஆக்கிரமித்துப் பெரிதாகியிருந்தது. மின்துடிப்பு இல்லாமல் ஒலியை மட்டும் கேட்ட எலிகளில் அந்த மாற்றம் இல்லை.

அந்த ஒலிக்கு எலியின் வாழ்க்கையில் எந்த அர்த்தமும் இல்லை என்பதுதான் இதில் குறும்பு. 'இது முக்கியம்' என்ற முத்திரையை மட்டும் வெளியிலிருந்து குத்தினார்கள். புறணி கேள்வி கேட்காமல் நம்பிவிட்டது.

வழக்கமான வாழ்க்கையில் அந்த முத்திரையை எது குத்துகிறது? 2015-இல் சுண்டெலிகளின் இந்த நரம்பணுக்களை நேரடியாக ஒட்டுக்கேட்டபோது, முகத்தில் ஒரு சின்னக் காற்றுப் பீச்சல் பட்ட மாத்திரத்தில், ஏறக்குறைய நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள், அவை வெடித்துச் சுட்டன. தண்ணீர்ப் பரிசுக்கும் சுட்டன. அது எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு பலமாக. எதிர்பார்த்தபடியே நடந்தால் குறித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஏமாந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது.

நினைவு: எழுதும் நேரமும் வாசிக்கும் நேரமும்

சரி, இப்போது அந்த லூபெக் புதிருக்கு வரலாம். ஹிப்போகாம்பஸ் ஒரு விசித்திரமான சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. புதியதை எழுதவும் அதே நரம்பணுக்கள், பழையதை வாசிக்கவும் அதே நரம்பணுக்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் குழப்பம்: புது முகத்தைப் பார்க்கும்போது பழைய முகம் குறுக்கே வந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஹாசல்மோ 1990-களிலிருந்து வளர்த்த விளக்கம் இது: அசிட்டைல்கோலின் ஏறியிருக்கும்போது வெளியிலிருந்து ஹிப்போகாம்பஸுக்குள் வரும் பாதை திறந்திருக்கும், அதன் உள்வட்டத்தில் பழைய நினைவுகளைக் கிளப்பும் இணைப்புகள் அடங்கியிருக்கும். அது எழுதும் நேரம். அசிட்டைல்கோலின் இறங்கும்போது உள்வட்டம் விடுதலையாகி, அன்றைய நிகழ்ச்சிகளைத் திரும்ப ஓட்டிப் புறணிக்கு அனுப்பும். அது வாசிக்கும் நேரம், சேமிக்கும் நேரம்.

விழித்திருக்கும்போது அசிட்டைல்கோலின் அதிகம். ஆழ்ந்த உறக்கத்தில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கனவு காணும் உறக்கத்தில் மறுபடியும் விழிப்பின் அளவுக்கு ஏறும். (லூவியின் கனவு வழக்கமான கனவு உறக்கத்தில் வந்திருந்தால், அசிட்டைல்கோலினைக் கண்டுபிடிக்கும் யோசனை அசிட்டைல்கோலினிலேயே ஊறிக்கிடந்த மூளைக்குத்தான் வந்திருக்கிறது.) ஆழ்ந்த உறக்கத்தின் அந்த இறக்கம் வீண் அல்ல, அந்த நேரத்தில்தான் கணக்கை முடித்துப் பேரேட்டில் ஏற்றுகிறார்கள். கைஸும் போர்னும் மருந்து ஏற்றியது அந்த நேரத்தில். கடையைச் சாத்திவிட்டுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து வாடிக்கையாளர்களை உள்ளே விட்டது மாதிரி. கண்ணாடியைப் பார்த்துக் கோடு வரையும் கைப்பழக்கத்தையும் அதே சோதனையில் பார்த்தார்கள், அது கெடவில்லை. கைப்பழக்கத்தின் பேரேடு வேறு இடத்தில் இருக்கிறது.

எழுதும் நேரத்தில் அசிட்டைல்கோலினை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கசப்பான சான்று மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. ஊமத்தை இனச் செடிகளில் ஸ்கோபொலமைன் என்று ஒரு நச்சு உண்டு, மஸ்கரின் ஏற்பிகளை அடைப்பது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகர மருத்துவர்கள் அதை மார்ஃபினோடு சேர்த்துப் பிரசவத்தில் கொடுத்தார்கள். 'அந்தி உறக்கம்' என்று அதற்குக் கவித்துவமான பெயர். வலியில்லாப் பிரசவம் என்று செய்தி பரவி, அதற்காகவே கடல் கடந்து போனவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பெண்களுக்கு வலி இருந்தது. அலறினார்கள், புரண்டார்கள், பலருக்குக் கையைக் கட்ட வேண்டியிருந்தது. விழித்தெழுந்தபோது எதுவும் நினைவில் இல்லை, அவ்வளவுதான். அனுபவம் முழுசாக நடந்தது, எழுதப்படவில்லை.

1974-இல் டிராக்மன், லெவிட் இருவரும் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஸ்கோபொலமைன் கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். சொன்ன எண்களை உடனே திருப்பிச் சொல்ல முடிந்தது. புதிதாக ஒரு பட்டியலை மனதில் பதிக்க முடியவில்லை. வயதான, மருந்து எதுவும் எடுக்காதவர்களின் மதிப்பெண்களை இந்த இளைஞர்களின் மதிப்பெண்களோடு பக்கத்தில் வைத்தால் இரண்டின் வடிவமும் ஒத்துப்போனது. முதுமை மறதிக்கும் அசிட்டைல்கோலினுக்கும் முடிச்சுப் போடும் எண்ணம் அங்கிருந்து வேகம் பிடித்தது.

மாத்திரைகள் ஏன் பாதி வழியில் நிற்கின்றன

1976-77 வாக்கில் பிரிட்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் ஒரே விஷயத்தைக் கண்டன: அல்சைமர் நோயால் இறந்தவர்களின் புறணியில் அசிட்டைல்கோலின் தயாரிக்கும் நொதி பயங்கரமாகக் குறைந்திருந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் மெய்னெர்ட் திரளையே எண்ணிப் பார்த்தார்கள், நரம்பணுக்கள் பெருமளவு அழிந்திருந்தன. உடல் அசைவுகளை முடக்கும் பார்க்கின்சன் நோயில் டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறைகிறது, அதை ஈடுகட்டினால் உறைந்துபோனவர் எழுந்து நடக்கிறார் என்பது அப்போதுதான் உலகையே அசத்தியிருந்த செய்தி. இங்கேயும் அதேபோல் ஈடுகட்டினால் போதும் என்று எல்லோரும் நினைத்ததில் தவறில்லை.

1993-இல் டாக்ரின் வந்தது, கல்லீரலைக் கெடுத்ததால் நிலைக்கவில்லை. 1996-இல் டோனெபெசில், அப்புறம் ரிவாஸ்டிக்மின், கேலண்டமின். மூன்றும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மூன்றும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பவை. பலன் உண்டு, ஆனால் மிதமானது: பலருக்குச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டோ சரிவு கொஞ்சம் தள்ளிப்போகிறது. நோய் நிற்பதில்லை. உறைந்தவர் எழுந்து நடக்கும் அதிசயம் இங்கே நடக்கவில்லை.

ஏன்? நோய் அசிட்டைல்கோலின் கூட்டத்தோடு நிற்பதில்லை, புறணியையும் ஹிப்போகாம்பஸையும் சேர்த்தே தின்கிறது என்பது ஒரு காரணம். அதோடு, எலியின் மின்முனையில் பார்த்தோமே அந்த நொடிநேர அலை, அதை மாத்திரையால் உண்டாக்க முடியாது. மாத்திரை செய்வது, மிச்சமிருக்கும் நரம்பணுக்கள் கசியவிட்டதைக் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்கவைப்பது மட்டும். சரியான நொடியில் எழும் அலைக்குப் பதில், எல்லா நொடியிலும் ஏறிக்கிடக்கும் மட்டம். அது மூளையில் மட்டும் ஏறுவதுமில்லை. குமட்டல், வயிற்றுப்போக்கு, இதயத் துடிப்பு மெதுவாவது எல்லாம் கூடவே வருகின்றன.

நினைவாற்றலைக் கூட்டும் என்று விற்கும் கோலின் மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூலப்பொருளைக் கொட்டினால் உற்பத்தி தானாகக் கூடும் என்ற கணக்கு அது, ஆரோக்கியமானவர்களில் அதற்கு உறுதியான சான்று கிடையாது. நிகோட்டின் கவனத்தைச் சற்றே கூர்மையாக்குவது உண்மை. ஆனால் புகைப்பவர் ஒரு சிகரெட் பிடித்ததும் தெளிவாக உணர்வது பெரும்பாலும், அது இல்லாமல் வந்த தவிப்பு அடங்குவதுதான்.

கூட்டுவதை விட, தெரியாமல் குறைத்துக்கொண்டிருப்பதுதான் நடைமுறையில் பெரிய விஷயம் என்பேன். என் பெரியப்பா எண்பதைத் தாண்டியவர், தெளிவான மனிதர். ஒரு முறை அரிப்புக்காக இரவில் ஒரு மாத்திரை போட ஆரம்பித்தார். நாலைந்து நாளில் ஒரு இரவு, "அந்த மூலையில யாரோ நிக்கிறாங்களே, உக்காரச் சொல்லு" என்றார். மூலையில் இருந்தது கொடியில் தொங்கிய சட்டை. வீட்டில் எல்லோரும் மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டோம். பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறார், எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று. அரிப்பு மாத்திரையை நிறுத்தினார். சில நாளில் மூலையில் சட்டை சட்டையாகவே தொங்கியது.

பழைய தலைமுறை ஒவ்வாமை மாத்திரைகள் (டைஃபென்ஹைட்ரமின் போன்றவை), மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் ஆக்சிபியூட்டினின் எல்லாம் மஸ்கரின் ஏற்பியை அடைப்பவை. இளைஞருக்கு வாய் உலரும், தூக்கம் வரும், அவ்வளவுதான். முதியவருக்கு ஏற்கெனவே கையிருப்பு குறைவு. இரண்டு மூன்று மாத்திரைகள் சேர்ந்தால் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது வரை போகும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியல் இவற்றில் பலவற்றை முதியோருக்குத் தவிர்க்கச் சொல்கிறது. நீண்ட காலம் அதிக அளவில் எடுத்தவர்களிடம் மறதி நோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்று பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரைதான் காரணமா, மாத்திரை தேவைப்பட்ட பிரச்சினையே காரணமா என்பதில் விவாதம் முடியவில்லை. எதுவானாலும் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் முழுப் பட்டியலையும் காட்டினால் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மறதி நோயிலேயே லூவி பொருள்கள் என்ற புரதக் கட்டிகளோடு வரும் வகை ஒன்று உண்டு. (இந்த லூவி வேறு ஆள், தவளை லூவி அல்ல.) அதில் அசிட்டைல்கோலின் இழப்பு அல்சைமரை விடக் கடுமை. அந்த நோயாளிகள்தான் அறைக்குள் குழந்தைகள் ஓடுவதாகவும், விலங்குகள் வருவதாகவும் தெளிவாகப் பார்க்கிறார்கள். வெளி மடை அடைபட்டால் மூளை சும்மா இருப்பதில்லை. தன் ஊகத்தையே காட்சியாகப் போட்டுக்கொள்கிறது, மூலையில் தொங்கிய சட்டையை ஆளாக்கியது போல.

1990-களில் ஸனோமெலின் என்ற மருந்தை அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நொதியைத் தடுக்காமல், எம்1, எம்4 ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் மருந்து. நினைவுக்காகத்தான் கொடுத்தார்கள். அந்தச் சோதனையில் கண்ணை உறுத்திய பலன் வேறு இடத்தில் இருந்தது: நோயாளிகளின் மாயக்காட்சிகளும் சந்தேகங்களும் கிளர்ச்சியும் குறைந்தன. ஆனால் வயிறு தாங்கவில்லை. குமட்டலாலும் வாந்தியாலும் பாதியில் விட்டவர்கள் நிறைய. மருந்து அலமாரிக்குப் போனது.

பிறகு ஒருவருக்கு யோசனை வந்தது. டிராஸ்பியம் என்று ஒரு பழைய மருந்து, மஸ்கரின் ஏற்பிகளை அடைப்பது. ஆனால் மூளைக்குள் அது ஏறக்குறைய நுழையாது. ஸனோமெலினோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால், வயிற்றில் ஒன்றை ஒன்று ஓரளவு தடுக்கும், மூளையில் ஸனோமெலின் மட்டும் வேலை செய்யும். 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்தக் கூட்டு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. நினைவுக்காக அல்ல, இல்லாத குரல்கள் கேட்கும் ஸ்கிட்சோஃப்ரினியா என்ற மனநோய்க்காக. அந்த நோய்க்கு அதுவரை இருந்த மருந்துகள் பெரும்பாலும் டோபமைன் ஏற்பியை நேராக அடைப்பவை. இது அந்த ஏற்பியைத் தொடவே இல்லை. எம்1, எம்4 வழியாகச் சுற்றிப்போய், உள்ளேயிருந்து வரும் குரலைத் தணிக்கிறது.